வளைகுடா வெயிலில் முதல் இரண்டு வாரம்: புதிதாக வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு

கட்டட வேலை, ரோட்டு வேலை, பைப்லைன், ஸ்கேஃபோல்டிங் என்று வெயிலில் நின்று செய்யும் வேலைக்காக முதல்முறை வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதிலும் மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் போய் இறங்குகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

"வேலூரிலும் ராமநாதபுரத்திலும் நாங்கள் பார்க்காத வெயிலா?" என்று கேட்டுக்கொண்டுதான் பலரும் விமானம் ஏறுகிறார்கள். அங்கே அடிப்பது வேறு வெயில். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அளவு அது. குவைத்திலும் ரியாத்திலும் காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் உடம்பை விட்டுப் போகிறது என்பதே தெரியாது. துபாய், தோஹா, தம்மாம் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறு. ஆகஸ்டில் அங்கே இருக்கும் புழுக்கத்தில் சட்டை பிழியப் பிழிய வியர்க்கும், ஆனால் அந்த வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் 40 டிகிரிப் புழுக்கம் சில நாட்களில் 46 டிகிரி வறண்ட வெயிலைவிட ஆபத்தாகிவிடும். செல்போனில் டிகிரியைப் பார்க்கும்போது பக்கத்தில் காட்டும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் புதியவர்களுக்கு வெயிலின் அளவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அவர்கள் உடம்பு அந்த வெப்பத்துக்கு இன்னும் பழகவில்லை. வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய பாதி, வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நடக்கிறது, 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் நடந்துவிடுகிறது என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. வயதானவர்கள், நோயாளிகள் மட்டும் இல்லை, திடமான இளைஞர்களும் அதில் உண்டு. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், முதல் இரண்டு வாரம் உடம்பை அவசரப்படுத்தக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஊரில் இருக்கும்போதே

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் அக்டோபருக்குப் பிறகு போகப் பாருங்கள். குளிர்காலத்தில் வேலை பழகி, மார்ச், ஏப்ரலில் மெல்ல ஏறும் வெயிலோடு உடம்பும் சேர்ந்து ஏறும். பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. விசா வந்தால் கிளம்பியாக வேண்டும். அப்படியென்றால் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்துக் கிடக்காதீர்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் வெயில் நேரத்தில் நன்றாக வியர்க்கும்படி நடங்கள், வயல் வேலை, வீட்டு வேலை ஏதாவது செய்யுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே செய்யுங்கள், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், கூடுதலாக வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும், இதயமும் அவ்வளவு வேகமாக அடித்துக்கொள்ளாது. இதெல்லாம் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதற்கு மருந்து கிடையாது, குறுக்குவழியும் கிடையாது.

விசா மெடிக்கலில் 'ஃபிட்' என்று வந்துவிட்டால் வெயில் வேலைக்கு உடம்பு தயார் என்று பொருளில்லை. தனியாக ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்றையும் பார்த்து, அந்தச் சீட்டைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "கடும் வெயிலில் வேலை செய்யப் போகிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரித்து உடம்பை வறட்டும். சில, இதயத் துடிப்பு தேவைக்கு ஏற்ப ஏறவிடாமல் பிடித்து வைக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும், தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் சிலவும், மனநலத்துக்கான சில மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும். மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளை அங்கே கொண்டுபோவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

முதல் வாரம் எவ்வளவு வேலை செய்யலாம்?

புதியவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வெயிலில் செய்யும் வேலையை முதல் நாள் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கைக் கூட்டலாம். அப்படிப் போனால் ஐந்தாம் நாள்தான் முழு வேலை. மீதி நேரத்தில் நிழல் வேலை, ஸ்டோர் வேலை, சாமான் எண்ணும் வேலை கொடுக்கலாம். நல்ல கம்பெனிகளில் சேஃப்டி ஆபீசரே இதைப் பார்த்துக்கொள்வார். முதல் நாள் நடக்கும் பாதுகாப்பு வகுப்பிலேயே, "நான் புதிது, வெயிலுக்குப் பழகும் திட்டம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பதற்காக வேலையிலிருந்து தூக்கிவிட மாட்டார்கள்.

எல்லா இடத்திலும் இது நடக்காது என்பதும் தெரியும். ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் நாளே ஃபோர்மேனிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும், ஓவர்டைம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அந்த அவசரத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் சொல்கிறேன்: முதல் இரண்டு வாரம் ஓவர்டைம் கேட்காதீர்கள். பழைய ஆள் தூக்குகிற எடையை, அவர் வேகத்திலேயே தூக்கிக் காட்ட முயலாதீர்கள். அவர் உடம்பு பழகியது, உங்களுடையது பழகவில்லை. கனமான வேலையைக் காலை ஆறு, ஏழு மணிக்குள் முடித்துவிட்டு வெயில் ஏறும்போது இலேசான வேலைக்கு மாறுவது எந்த சைட்டிலும் பேசி வாங்கக்கூடிய சலுகைதான்.

தண்ணீர்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். காலையில் ரூமை விட்டுக் கிளம்புமுன் அரை லிட்டர். சைட்டில் கால் மணிக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் போல. மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது காலியாக வேண்டும். அதற்காக ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் கவிழ்க்க வேண்டாம். ரத்தத்தில் உப்பின் அளவு திடீரென்று இறங்கி, அதுவே மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும்.

வெயிலில் ஐஸ் தண்ணீர் குடித்தால் ஆகாது என்று ஊரில் சொல்லிப் பழகியிருப்போம். அது தேவையில்லாத பயம். குளிர்ந்த தண்ணீர் உடம்புச் சூட்டைக் குறைக்கும், தாராளமாகக் குடிக்கலாம்.

டாய்லெட் தூரத்தில் இருக்கிறது, போய் வந்தால் ஃபோர்மேன் முறைக்கிறார் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கிறவர்கள் நிறையப் பேர். இதுதான் நீர்க்கடுப்பில் தொடங்கி கல்லில் போய் நிற்கிறது. சிறுநீரின் நிறத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர்போல வெளிறி இருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. கட்டன் சாயாபோல (பால் சேர்க்காத டீ), கோலாபோலக் கறுத்துப் போனால் அன்றைக்கு வேலை இல்லை, நேராக ஆஸ்பத்திரி. கடும் உழைப்பில் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அடையாளம் அது.

உப்புக்கு வழி சாப்பாடுதான். காலையில் வெறும் சாயாவோடு பஸ் ஏறுகிறவர்தான் பதினோரு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்து உட்காருவார். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போகலாம். கேம்ப் (தொழிலாளர் விடுதி) ரூமில் இதைவிட எளிதான நல்ல காலைச் சாப்பாடு கிடையாது. மோருக்கு அலைய வேண்டாம், எந்த பகாலாவிலும் (மளிகைக் கடை) லபன் என்ற மோர் மலிவாகக் கிடைக்கும். மிகவும் வியர்க்கும் நாளில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றிரண்டு கரைத்துக் குடிக்கலாம். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவை மாற்றாதீர்கள். பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாள் முழுக்க இதையே குடிக்கக் கூடாது. உப்பு மாத்திரை யாருக்கும் வேண்டாம். வழக்கமாகக் குடிக்கும் இரண்டு மூன்று சாயாவால் கெடுதல் இல்லை. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். களைப்பை மறைத்து, நிற்க வேண்டிய நேரத்தில் உடம்பை மேலும் ஓட்டும்.

உடை பற்றிச் சுருக்கமாக: சட்டையைக் கழற்றினால் குளிரும் என்று நினைக்காதீர்கள். காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது துணிதான் தோலுக்கு நிழல். கம்பெனி கொடுக்கும் 'கவரால்' (உடம்பு முழுக்க மூடும் சீருடை) தடிமனாக இருந்தால் உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே பிடரியை மறைக்கும்படி ஈரத்துண்டு தொங்கவிடுங்கள், காயக் காய நனையுங்கள்.

மதிய ஓய்வுச் சட்டம்

இது உங்கள் உரிமை, முதலாளி காட்டும் கருணை இல்லை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சௌதியில் அதே தேதிகள், 12 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய 11 முதல் 4 வரை. ஓமானில் அதே மூன்று மாதங்கள், 12.30 முதல் 3.30 வரை. பஹ்ரைனில் 2025 முதல் ஜூன் 15 – செப்டம்பர் 15 என்று நீட்டியிருக்கிறார்கள், 12 முதல் 4 வரை. அமீரகத்தில் மீறும் கம்பெனிக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், 50,000 வரை அபராதம். அங்கே புகார் சொல்ல 600590000 என்ற எண், கத்தாரில் 16008.

கத்தாரின் 2021ஆம் ஆண்டு விதி இன்னொரு படி மேலே போகிறது. வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஒரு கருவி உண்டு. அதில் 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும். சாதாரணத் தெர்மாமீட்டரில் பார்க்கும் 32 இல்லை இது, அதைவிட மிகக் கடுமையான நிலை. வெப்பத்தால் தன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று நம்பக் காரணமிருந்தால் தொழிலாளி தானே வேலையை நிறுத்தலாம் என்றும் அந்த விதி சொல்கிறது.

சட்டம் காப்பாற்றும் என்று முழுதாக நம்பியும் இருக்க முடியாது. மணி மூன்று அடித்ததும் வெயில் இறங்கிவிடாது. செப்டம்பர் 16ஆம் தேதி காலையில் கடலோரப் புழுக்கமும் காணாமல் போகாது. சமையற்கூடம், லாண்டரி, ஏசி இல்லாத குடோன் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் நேர் வெயிலில் இல்லை என்பதால் இந்த விதிக்குள் வருவதே இல்லை. ஆனால் அவர்கள் உடம்பு படும் பாடு குறைவில்லை. தண்ணீர்க் கணக்கும் பழகும் கணக்கும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். இன்னொன்று, ஓய்வு நேரத்தில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். எஞ்சினை நிறுத்திய பஸ், தகரக் கன்டெய்னர் இரண்டும் வெயிலைவிட மோசம். ஏசி ரூம் இல்லாவிட்டால் காற்றோட்டமான நிழல். காற்றே 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஃபேன் மட்டும் போட்டால் அனல்தான் அடிக்கும். உடம்பில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஃபேன் முன்னால் உட்காருங்கள்.

ராத்திரி ரூமில்

பகலில் ஏறிய சூட்டை உடம்பு இறக்கி வைப்பது ராத்திரித் தூக்கத்தில்தான். ரூம் ஏசி கெட்டுப்போனால் அதைச் சின்ன வசதிக்குறைவாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கேம்ப் பாஸிடம் (விடுதிப் பொறுப்பாளர்) அன்றைக்கே சொல்லுங்கள், ரூமில் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். பழைய ஆட்கள் செய்யும் வழி: கீசரை நிறுத்திவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் கீசர் தொட்டியில் தங்கிய தண்ணீர் ஆறியிருக்கும். கீசர் இல்லாத ரூமில் ராத்திரியே ஒரு வாளி தண்ணீர் பிடித்து ஏசி ரூமுக்குள் வைத்துவிடலாம். குளித்துவிட்டுத் தூங்குங்கள். போன் பேசுவதை முடித்துக்கொண்டு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். மது குடித்துவிட்டு மறுநாள் வெயிலில் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

உடம்பு எச்சரிக்கும்போது

வியர்க்குரு, கைகால் இழுப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல். இவற்றில் எது வந்தாலும் நிழலுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, உடம்பை நனைத்து, தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணியில் சரியாகாவிட்டால் கிளினிக். சரியானாலும் அன்றைக்கு மறுபடி வெயிலில் ஏற வேண்டாம். "முஜே சக்கர் ஆ ரஹா ஹை" என்றால் தலை சுற்றுகிறது என்று இந்தி தெரிந்த எந்த ஃபோர்மேனுக்கும் புரியும். அரபியிடம் "அனா தஅபான்" என்றால் உடம்பு முடியவில்லை என்று பொருள்.

ஹீட் ஸ்ட்ரோக் (உடம்புச் சூடு கட்டுமீறி ஏறி மூளையைத் தாக்கும் நிலை) வந்தவருக்குத் தனக்கு அது வந்திருப்பதே தெரியாது. அதனால்தான் ஜோடி வேண்டும். காலையிலேயே ஒருவரிடம் சொல்லி வையுங்கள், நீங்கள் அவரைப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கட்டும். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாடுவது, திடீர் கோபம், வலிப்பு, நினைவு தப்புவது எல்லாம் மூளைக்குச் சூடு ஏறிவிட்டதைக் காட்டும். குடித்திருக்கிறான் என்று ஒதுக்கி விடாதீர்கள். தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று காத்திருக்கவும் கூடாது. உழைக்கும்போது வருவதில் உடம்பு வியர்வையில் நனைந்தும் இருக்கும்.

ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டும். அமீரகம் 998, சௌதி 997, கத்தார் 999, குவைத் 112, பஹ்ரைன் 999, ஓமான் 9999. வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பி, கேட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிற்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது. உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், அரை மணிக்குள் அதை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். துணிகளைத் தளர்த்தி, கிடைக்கும் எந்தத் தொட்டியிலாவது குளிர்ந்த தண்ணீரில் கழுத்து வரை இறக்கி, தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் ஹோஸைத் திறந்து, முதலில் வரும் சூடான தண்ணீரைப் போகவிட்டு, நிறுத்தாமல் ஊற்றுங்கள், அட்டையால் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வாட்டர் கூலரிலிருக்கும் ஐஸை வையுங்கள். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, அது காய்ச்சல் மருந்து, இது காய்ச்சல் இல்லை.

ஆண்டுக்கணக்கில் சேரும் கேடு

மயங்கி விழாமலே வெயில் கெடுக்கும் உறுப்பு சிறுநீரகம். தினமும் வறண்டு போய் உழைப்பது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. நிகரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களுக்கே சிறுநீரகம் செயலிழந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நேபாள இளைஞர்கள் டயாலிசிஸில் இருக்கிறார்கள். நம் ஊர் உப்பளத் தொழிலாளர்களிடமும் ஆய்வாளர்கள் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் வலியோ அறிகுறியோ எதுவும் இருக்காது. ஊரில் எடுத்து வைத்த கிரியேட்டினின் சீட்டு இங்கேதான் உதவும். வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து, ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தினசரி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பதை விட்டுவிடுங்கள். வறண்ட சிறுநீரகத்துக்கு அதைவிடக் கெடுதல் செய்யும் மருந்து கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை.

அப்புறம், முதல் லீவுக்கு ஊர் போய்த் திரும்பும்போது உடம்பு மறுபடி புதிய ஆளின் உடம்புதான். வெயில் வேலையை விட்டு ஒரு வாரம் விலகினாலே பழக்கம் தளரத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். பழைய ஆள் என்பதால் கணக்கு கொஞ்சம் தாராளம்: முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுதும். லீவு முடிந்து கோடையில் திரும்புகிறவர்கள் இந்த மூன்று நாள் சலுகையை டிக்கெட் போடும்போதே சூப்பர்வைசரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.